எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சி முகாமில், அரசு மேல்நிலைப் பள்ளி உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு வரும் அமர்வை உடற்கல்விக்காரரிடம் கொடுத்துவிடுவது நம் பயிற்சி முகாம்களில் வழக்கமாகிவிட்டது. யாரும் தூங்காமல் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைதான் காரணம். கவலைப்படாதீர்கள், மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லமாட்டேன். நடுவில் ஒரே ஒரு முறை எழுந்து உட்காரச் சொல்வேன். அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

இன்று நான் பேசப்போவது ஜிம்முக்குப் போகும் நம் மாணவர்களைப் பற்றி. 'அது உடற்கல்வி ஆசிரியர் பாடு, நமக்கென்ன' என்று தமிழாசிரியரோ கணித ஆசிரியரோ நினைக்க வேண்டாம். நான் பேசி முடிக்கும்போது, இதில் என்னைவிட உங்களுக்குத்தான் அதிக வேலை இருக்கிறது என்பது தெரியவரும்.

நாளை வகுப்புக்குப் போனதும் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களிடம் யார் யார் ஜிம்முக்குப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே கைகள் உயரும். பெரிய நகரங்களில் மட்டும் இருந்த உடற்பயிற்சிக்கூடம் இன்று சின்ன ஊர்கள் வரைக்கும் வந்துவிட்டது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், மளிகைக் கடை மாடியில், சுவர் முழுக்கக் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு என்று மாலை 6 மணிக்கெல்லாம் களைகட்டிவிடுகிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மகிழ்ச்சியாகவே சொல்கிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க இயங்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது தசையையும் எலும்பையும் உறுதிப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. செல்போனும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பையனைவிட, ஜிம்முக்குப் போகும் பையன் எவ்வளவோ மேல்.

ஆனால், அங்கே போய் என்ன செய்கிறான் என்பதில்தான் என் கவலை இருக்கிறது.

கண்ணாடி முன்னால் நடப்பது

பக்கத்தில் உள்ள ஜிம்மில் ஒரு மாலை அரைமணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். நான் சொல்லப்போகும் நான்கு காட்சிகளும் கண்ணில் படும்.

முதலாவது, கை மடக்கித் தூக்குவது. பைசெப்ஸ் கர்ல் என்பார்கள். மேற்கை அசையாமல், முழங்கை மட்டும் மடங்கி, புஜத்துத் தசை வேலை செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் நோக்கம். நம் பையன் தாங்க முடியாத எடையை எடுத்துக்கொண்டு, இடுப்பை முன்னால் தள்ளி, முதுகைப் பின்னால் வளைத்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோல ஒரு வீச்சு வீசுகிறான். எடை மேலே வந்துவிடுகிறது. தூக்கியது புஜம் இல்லை, இடுப்பு.

இரண்டாவது, ஸ்குவாட். நம் பஸ்கிதான், தோளில் கம்பியை வைத்துக்கொண்டு செய்வது. பக்கத்துக்கு 40 கிலோ மாட்டிக்கொண்டு, முட்டியை நான்கு விரற்கடை மடக்கிவிட்டு நிமிர்ந்துவிடுகிறான். முட்டிகள் இரண்டும் உள்பக்கமாகச் சாய்கின்றன. குதிகால் தரையைவிட்டு எழும்புகிறது. எண்ணிக்கை மட்டும் சரியாக நடக்கிறது.

மூன்றாவது, மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேலே தூக்கும் பெஞ்ச் பிரஸ். கம்பியை நெஞ்சில் மோதவிட்டு, அந்த எதிர்வேகத்தில் மேலே தள்ளுவது. பின்புறம் பெஞ்சிலிருந்து அரை அடி எழும்புவது. அதைவிடக் கொடுமை, பக்கத்தில் கைகொடுக்க ஆள் இல்லாமல் தனியாகச் செய்வது. கை தளர்ந்தால் கம்பி விழும் இடம் கழுத்தும் நெஞ்சும்தான்.

நான்காவது, தரையில் இருக்கும் கம்பியை நின்றபடி தூக்கும் டெட்லிஃப்ட். முதுகு வில்லாக வளைந்திருக்கும். கழுத்து மட்டும் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிரே நண்பன் செல்போனோடு நிற்பான்.

இந்த நான்கிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நான்குமே பார்ப்பவனுக்காகச் செய்யப்படுபவை. கம்பியில் எத்தனை தட்டு மாட்டியிருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரியும். முட்டி எந்தத் திசையில் போகிறது, மூச்சை எப்போது விடுகிறான் என்பதெல்லாம் தெரிந்தவன் பக்கத்தில் வந்து பார்த்தால்தான் தெரியும். தூரத்தில் இருப்பவனுக்காகப் பயிற்சி செய்யும் மாணவன், பக்கத்தில் வந்தால்தான் தெரிகிற எல்லாவற்றையும் விட்டுவிடுகிறான்.

12ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "சார், ஸ்குவாட் 100 போடுறேன் சார்" என்றான். "நல்லது தம்பி. எடை வேண்டாம், வெறும் உடம்போட ஒரு பத்துத் தடவை முழுசா உட்கார்ந்து எழுந்திரு, பார்ப்போம்" என்றேன். மூன்றாவது முறையிலேயே பின்பக்கமாகச் சாய்ந்தான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே, "சார், வெயிட் இல்லாம எனக்கு பேலன்ஸ் வராது சார்" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனால், மறுநாள் காலை 6 மணிக்கு மைதானத்துக்குத் தனியாக வந்து, "எப்படி சார் உட்காரணும்?" என்று கேட்டானே, அதுதான் எனக்கு முக்கியம்.

இப்போது நான் சொன்ன அந்த ஒரு முறை. அனைவரும் நாற்காலியின் முன்பகுதிக்கு வாருங்கள். கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். எதையும் பிடிக்காமல், வேகம் கொடுக்காமல், மெதுவாக எழுந்து மெதுவாக உட்காருங்கள். உட்காரும்போது 'தொப்'பென்று விழக்கூடாது. மூட்டுவலி உள்ளவர்கள் சும்மா இருங்கள். நன்றி. எழுந்ததைவிட மெதுவாக உட்கார்ந்ததுதான் கடினமாக இருந்தது, இல்லையா? எடையைக் கட்டுப்பாட்டோடு கீழே இறக்குவதும் தூக்குவதைப் போலவே தசைக்குப் பயிற்சிதான். 'டமார்' என்று கீழே போடும் பையன் பயிற்சியில் பாதியை விட்டுவிடுகிறான்.

தண்ணீர் கேன் கணக்கு

முதுகு ஏன் வளையக்கூடாது என்பதை அறிவியல் ஆசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். 10ஆம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்துகிறோம். கதவு, ஸ்பானர், ஏற்றப்பலகை எல்லாம் எடுத்துக்காட்டாகச் சொல்கிறோம். அடுத்த முறை தண்ணீர் கேனைச் சொல்லுங்கள்.

நம் பள்ளிகளில் பார்க்கும் 20 லிட்டர் கேன் ஏறத்தாழ 20 கிலோ. அதைக் குனிந்து, கையை நீட்டிப் பிடிக்கும்போது இடுப்பு மூட்டுக்கும் கேனுக்கும் இடையே 50 சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பளுவைச் சமன்செய்ய வேண்டிய முதுகுத் தசை, முதுகெலும்புக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. 20 பெருக்கல் 50, வகுத்தல் 5. விடை 200. அதாவது 20 கிலோ கேனுக்காக முதுகுத் தசை 200 கிலோவுக்கு ஈடான விசையில் இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் உடம்பின் எடையை இதில் இன்னும் சேர்க்கவில்லை. அதே கேனை உடம்போடு ஒட்டி, தூரத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் விசை 100 கிலோவுக்கு இறங்கிவிடும். கேன் அதே கேன், பையன் அதே பையன். பிடித்த விதம்தான் மாறியது.

இப்போது 20க்குப் பதில் 100 கிலோவை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பளு முழுவதையும் தாங்க வேண்டியவை முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்குகள். ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர் ஆல்ஃப் நாச்செம்சன், 1960களில் உயிருள்ள மனிதர்களின் இடுப்பு டிஸ்க்குக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை நேரடியாகவே அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, முன்னால் குனிந்து எடையைப் பிடிக்கும்போது அழுத்தம் வெகுவாகக் கூடுவதைக் காட்டினார்.

எங்கள் பகுதியில் பள்ளி முடித்துக் காவலர் பணிக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பையனின் கதையைச் சொல்கிறேன். நல்ல ஓட்டக்காரன். ஒருநாள் நண்பன் படம் பிடிக்கிறான் என்பதற்காக, வழக்கமாகத் தூக்குவதைவிட 30 கிலோ கூட்டிப் போட்டு டெட்லிஃப்ட் செய்தான். மூன்றாவது தடவையில் முதுகு வளைந்தது. கீழே வைக்கும்போது பிடித்துக்கொண்டது. வலி இடுப்பிலிருந்து கால்வரைக்கும் இறங்கியது. இரண்டு மாதம் அவனால் தரையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. காவலர் தேர்வின் உடல்திறன் போட்டிகளில் ஓட்டம் இருக்கிறது, கயிறு ஏறுவது இருக்கிறது, தாண்டுதல் இருக்கிறது. டெட்லிஃப்ட் கிடையாது. அவனோடு ஓடிப் பழகியவர்கள் அந்த மைதானத்தில் நின்ற நாளில், அவன் வீட்டில் படுத்திருந்தான். அந்த 20 விநாடி வீடியோ இன்னும் நண்பர்கள் செல்போனில் இருக்கிறது. தூக்கியது வரைக்கும்தான் அதில் இருக்கிறது. கீழே வைத்தபோது நடந்ததைக் கத்தரித்துவிட்டார்கள்.

ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிய பிரிவு

எடைக்காக முறையை விட்டுக்கொடுப்பது நம் பையன்கள் கண்டுபிடித்தது அல்ல. ஒலிம்பிக் பளுதூக்குதலிலேயே இது நடந்திருக்கிறது.

இன்று பளுதூக்கும் போட்டியில் ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் என்று இரண்டு பிரிவுகள்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக் வரைக்கும் பிரஸ் என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது. கம்பியைத் தோளுக்குக் கொண்டுவந்து, காலின் உதவி இல்லாமல், உடம்பை நிமிர்த்தி வைத்துக் கை வலுவால் மட்டும் தலைக்கு மேலே தள்ள வேண்டும். அதிக எடை தூக்கும் ஆசையில் வீரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் சாயத் தொடங்கினார்கள். சாய்ந்தால் நெஞ்சுத் தசையும் துணைக்கு வரும். ஒருவர் சாய்ந்து வென்றால் அடுத்தவர் இன்னும் சாய வேண்டும். கடைசியில் எது முறையான தூக்கு, எது முறைகேடு என்று நடுவர்களாலேயே ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. இடுப்புக்கு ஆபத்து என்ற கவலையும் சேர்ந்தது. மியூனிக்கோடு அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

மீதியுள்ள இரண்டு பிரிவுகளில் இன்று விதி எவ்வளவு கண்டிப்பு தெரியுமா? மூன்று நடுவர்கள் இருப்பார்கள். தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் போதாது. முழங்கை நீண்டு, கால்கள் ஒரே கோட்டில், அசையாமல் நிற்க வேண்டும். நடுவர் சைகை வந்த பிறகே இறக்கலாம். முழங்கை மடங்கி மறுபடி நீட்டினால் அந்த முயற்சி செல்லாது. மூவரில் இருவராவது சரி என்றால்தான் கணக்கில் சேரும்.

மீராபாய் சானுவை எல்லோருக்கும் தெரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவருடைய மூன்று முயற்சிகளும் தோல்வியடைந்தன. அதனால் மொத்த எடை என்று அவர் பெயரில் எதுவும் பதிவாகவில்லை. மறு ஆண்டே, 2017இல், உலகச் சாம்பியன் ஆனார். அத்தனை பெரிய வீராங்கனை, தோளும் முதுகும் தொந்தரவு கொடுத்தபோது, 2020இல் அமெரிக்காவுக்குப் போய், இயன்முறை மருத்துவரும் பளுதூக்கும் பயிற்சியாளருமான ஆரோன் ஹார்ஷிக்கிடம் தன் உடலியக்கத்தைச் சரிசெய்துகொண்டார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளிப் பதக்கம் வென்றார். உலகச் சாம்பியனே திரும்பவும் அடிப்படைக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்கிறார் என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

நம் வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். 2014இல் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ. மாணவர்கள் அந்த 328ஐ உடனே பிடித்துக்கொள்வார்கள். அந்த மேடையில் மூன்று நடுவர்கள் உட்கார்ந்திருந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியது நம் வேலை.

வளர்ச்சி நின்றுவிடுமா?

'சின்ன வயசுல வெயிட் தூக்குனா உயரமா வளர மாட்டாங்களாமே?' என்று ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடிக் கேட்கிறார்கள். அந்தப் பயத்தில் ஜிம் பக்கமே போகக்கூடாது என்று தடுக்கிறார்கள்.

முறையாக, தெரிந்தவர் மேற்பார்வையில், வயதுக்கேற்ற அளவில் செய்யும் எடைப்பயிற்சி குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் பாதுகாப்பானது, பயனுள்ளது என்று 2014இல் பன்னாட்டு வல்லுநர்கள் கூடி வெளியிட்ட கருத்தொற்றுமை அறிக்கை கூறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே உறுதிசெய்கிறது. உயரம் குறைந்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆனால் 'முறையாக', 'மேற்பார்வையில்' என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிட்டு இதைப் படிக்கக்கூடாது. வளரும் வயதில் நீண்ட எலும்புகளின் முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பில் அதுதான் மென்மையான இடம். எடை கைநழுவி விழுந்தாலோ, தாங்க முடியாததைத் திடீரென்று தூக்கினாலோ அங்கே முறிவு ஏற்படலாம். அதேபோல, முதுகைத் திரும்பத் திரும்பப் பின்னால் வளைக்கும் இளம் விளையாட்டு வீரர்களுக்கு இடுப்பு முள்ளெலும்பில் மெல்லிய விரிசல் விழுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒன்று. வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் பளுதூக்குபவர்களுக்கும் வருவது இதுதான். கை மடக்கும் பயிற்சியில் இடுப்பை வீசுகிறானே, அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவில் தொடங்குவது? முதலில் வெறும் உடம்பு. தண்டால், பஸ்கி, தொங்கி எழுதல். அடுத்து வெறும் கம்பி. பிறகு, முறை கெடாமல் 10 முதல் 15 தடவை செய்ய முடிகிற எடை. அது எளிதான பின் 5 முதல் 10 விழுக்காடு மட்டும் கூட்ட வேண்டும். வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், இடையே ஒருநாள் ஓய்வு. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். படிப்படியாகப் பளுவைக் கூட்டும் முறையை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். 1940களில், காயமடைந்த போர்வீரர்களின் கால்களுக்கு வலுவூட்ட அவர் வகுத்ததிலிருந்துதான் இன்று எல்லா ஜிம்களிலும் கேட்கும் 'பத்துப் பத்தா மூணு செட்' புழக்கத்துக்கு வந்தது. நோயாளிகளை எழுந்து நடக்க வைப்பதற்காகப் பிறந்த முறையைக்கொண்டு, நன்றாக நடப்பவன் படுக்கையில் விழுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

காட்டுவது தவறா?

16 வயதில் தன் வலுவைப் பிறருக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசை வருவது இயற்கை. நம் ஊர்களில் இளவட்டக்கல் இருந்தது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலுக்கு அந்தப் போட்டி நடக்கிறது. கல்லைத் தரையிலிருந்து எடுத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளைத் தாண்டிப் பின்னால் போட வேண்டும். ஊரே கூடி நிற்கும். அதுவும் காட்டுவதுதான். ஆனால், தோளைத் தாண்டியதா இல்லையா என்று பார்த்துச் சொல்லும் கண்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தன. பாதி தூக்கியதை முழுசு என்று சொல்லிவிட முடியாது.

இன்றைய பையனுக்கும் கூட்டம் இருக்கிறது. பார்த்துச் சொல்லும் கண்கள்தான் இல்லை. அந்த இடத்தில் நாம் இருக்க முடியும்.

நாம் அவனிடம் என்ன கேட்கிறோம்? "என்னடா, ஜிம்முக்குப் போறியாமே, எத்தனை கிலோ தூக்குற?" அன்போடுதான் கேட்கிறோம். ஆனால் அந்தக் கேள்வி அவனுக்கு, எண்தான் முக்கியம் என்று சொல்லிவிடுகிறது. வேறு மாதிரி கேட்கலாம். "எப்படித் தூக்குற, செஞ்சு காட்டு, பார்ப்போம்." உங்களுக்கு ஜிம்மைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவன் உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். எந்தத் தசைக்கு, ஏன், எங்கே வளையக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவன் முறையாகச் செய்ய வாய்ப்பு அதிகம். சொல்லத் தெரியாதவன் உடனே போய்க் கற்றுக்கொள்வான். வகுப்பறையில் நாம் தினமும் செய்வது இதுதானே? விடையை மட்டும் எழுதியவனிடம் செய்முறையைக் காட்டு என்கிறோம் அல்லவா?

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாததற்கு 100 தோப்புக்கரணம், தாமதமாக வந்ததற்கு 50 தண்டால் என்று கொடுக்கும் பழக்கம் அங்கங்கே இன்னும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்கிறது. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று அளவுக்கு மீறி உட்கார்ந்து எழுந்தால் தசைகள் சிதைந்து, அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போகும். இதற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். ஜிம்மில் முதல்நாளே வீரத்தைக் காட்டும் பையனுக்கும் இது வரலாம். அதோடு, எப்படியாவது எண்ணை முடித்தால் போதும் என்ற பாடத்தைத்தான் அந்தத் தண்டனை அவனுக்குக் கற்றுத்தருகிறது.

நாம் செய்யக்கூடியவை

செலவில்லாத சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, கம்புச் சோதனை. பள்ளியில் சிலம்பக் கம்பு இருக்கும். அதை முதுகோடு செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, இடுப்பெலும்பின் கடைசி ஆகிய மூன்று இடங்களில் கம்பு தொட வேண்டும். அந்த மூன்றும் விலகாமல், இடுப்பை மடக்கி முன்னால் குனிய வேண்டும். இது வராதவன் தரையிலிருந்து எடையைத் தூக்கக்கூடாது. இரண்டு நிமிட வேலை. இறைவணக்கக் கூட்டத்திலேயே செய்யலாம்.

இரண்டு, அன்றாட வேலைகள். பெஞ்சை நகர்த்துவது, தண்ணீர் கேனைத் தூக்குவது, புத்தகக் கட்டை இறக்குவது எல்லாமே பாடம்தான். கிட்டே போ, காலை அகட்டு, முட்டியை மடக்கு, உடம்போடு அணை, பிறகு எழு. பெண் பிள்ளைகளுக்கும் இதைச் சேர்த்தே சொல்லுங்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்ற கர்ணம் மல்லேஸ்வரிதான் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். நம் மாணவிகளில் பலருக்கு ஜிம்முக்குப் போகும் வாய்ப்பு இல்லை. வலுவூட்டும் பயிற்சிக்குப் பள்ளி மைதானம்தான் அவர்களுக்கு ஒரே இடம்.

மூன்று, செல்போன். வீடியோ எடுக்காதே என்றால் கேட்கமாட்டான். எடு, ஆனால் பக்கவாட்டிலிருந்து எடு, காலிலிருந்து தலைவரைக்கும் தெரியும்படி எடு, கீழே வைக்கும் வரைக்கும் எடு என்று சொல்லுங்கள். எடுத்ததை உடற்கல்வி ஆசிரியரிடம் காட்டச் சொல்லுங்கள். தன் முதுகு வளைவதைத் தன் கண்ணாலேயே பார்த்தவனுக்கு நாம் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை.

நான்கு, பெற்றோர். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கொடுத்தனுப்புங்கள். பயிற்சியாளர் உங்கள் மகனின் வயதையும் பழைய காயங்களையும் கேட்டாரா? முதல் சில வாரம் எடையில்லாமல் கற்றுக்கொடுத்தாரா? மாவு, மாத்திரை, ஊசி என்று எதையாவது வாங்கச் சொன்னாரா? மூன்றாவதற்கு விடை 'ஆம்' என்றால் உடனே மருத்துவரிடம் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

ஐந்து, அறிகுறிகள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், பயிற்சியின்போது மயக்கம் அல்லது நெஞ்சுவலி, கறுத்த சிறுநீர். இவற்றில் எது இருந்தாலும் 'தசைப்பிடிப்புதான், சரியாகிவிடும்' என்று விடாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நண்பர்கள் முன்னால் வலியைச் சொல்ல வெட்கப்படும் மாணவன், வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்வான். அதற்கு நீங்கள் முன்பே ஒருமுறை கேட்டிருக்க வேண்டும்.

ஆறாவது, உடற்கல்விப் பாடவேளை. கணித ஆசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும்போது அந்தப் பாடவேளையைக் கடன் வாங்குகிறீர்கள். திருப்பித் தந்ததாக வரலாறு இல்லை. எப்படி உட்கார வேண்டும், எப்படித் தூக்க வேண்டும் என்று மாணவன் கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் அது. அங்கே கற்காததை அவன் மாடி ஜிம்மில், தன்னைவிட இரண்டு வயது மூத்தவனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறான். அந்த மூத்தவனும் அப்படிக் கற்றவன்தான்.

என்னிடம் தனியாக வந்த மாணவனைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மூன்று வாரம் வெறும் உடம்போடு, பிறகு வெறும் கம்பியோடு பழகினான். அந்த ஆண்டு கடைசியில் அவன் முழுதாக உட்கார்ந்து எழுந்த எடை 50 கிலோ. முன்பு சொன்ன 100இல் பாதி. அவன் நண்பர்களிடம் அதை எப்படிச் சொன்னான் என்று எனக்குத் தெரியாது. என்னிடம், "சார், இப்ப முட்டி வலிக்கலை சார்" என்றான். வலித்தது என்று அதுவரை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

நாளை வகுப்புக்குப் போகும்போது, அப்படிச் சொல்லாமல் இருக்கும் ஒருவன் உங்கள் கடைசி பெஞ்சிலும் இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். எத்தனை கிலோ என்று கேட்காதீர்கள். எப்படித் தூக்குகிறாய் என்று கேளுங்கள். வலிக்கிறதா என்றும் கேளுங்கள்.